ஆறு லைன்பேக்கர், ஆறு வேலை

ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்த அட்டவணை வந்துவிடும். பெயர், கல்லூரி, உயரம், எடை, 40 கஜ ஓட்டம், கடைசி சீசனில் போட்ட டாக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது). அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்க நெருங்க வாட்ஸ்அப் குழு முதல் ஆபீஸ் காபி மெஷின் பக்கம் வரை எல்லோரும் இந்தக் கட்டங்களை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுவார்கள். கார்னர்பேக்குகளை இப்படி வரிசைப்படுத்தினால் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றாது. பாஸ் பிடிக்கும் ரிசீவரோடு ஒட்டி ஓட வேண்டும், அதற்கு வேகம் வேண்டும், சரி. டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் நின்று ஓட்டத்தையும் பாஸையும் தடுக்கும் லைன்பேக்கர்களை இப்படி வரிசைப்படுத்தும்போது மட்டும் மனசு ஒப்ப மாட்டேன் என்கிறது. அந்த உறுத்தல் 2018ஆம் ஆண்டு டிராஃப்டில் தொடங்கியது, இன்னும் போகவில்லை.

அந்த வருஷ டிராஃப்ட் எங்கள் பக்கம்தான் நடந்தது, டெக்சஸ் ஆர்லிங்டனில், டல்லாஸ் கௌபாய்ஸ் விளையாடும் அதே ஸ்டேடியத்தில். டல்லாஸுக்கு ஒரு லைன்பேக்கர் வேண்டும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அங்கே லைன்பேக்கராக இருந்த ஷான் லீக்கு வயதும் காயமும் சேர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. முதல் சுற்றில் ஜார்ஜியாவின் ரோக்வான் ஸ்மித் 8வது இடத்தில் சிகாகோ பேர்ஸுக்குப் போனார். வர்ஜீனியா டெக்கின் ட்ரமெய்ன் எட்மண்ட்ஸை பஃபலோ பில்ஸ் பேரம் பேசி மேலே ஏறி வந்து 16வது இடத்தில் எடுத்தது. 19வது இடத்தில் பாய்சி ஸ்டேட்டின் லேய்ட்டன் வாண்டர் எஷ், எங்கள் கௌபாய்ஸுக்கு. 22வது இடத்தில் அலபாமாவின் ரஷான் எவன்ஸ், டென்னசி டைட்டன்ஸுக்கு. மறுநாள் 36வது ஆளாக டேரியஸ் லெனர்டை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் எடுத்தது. பிற்பாடு ஷக்கீல் லெனர்ட் என்ற பெயரில் விளையாடியவர் இவர்தான். படித்தது தென் கரோலினா ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி. மூன்றாம் சுற்றில் 70வது ஆளாக, பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெட் வார்னர், சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுக்கு.

இப்போது திரும்பிப் பார்த்தால் வரிசை தலைகீழாகத் தெரிகிறது. லெனர்ட் முதல் வருஷமே 163 டாக்கிள் போட்டு லீகிலேயே முதலிடம், கூடவே சிறந்த புதுமுக டிஃபென்ஸ் வீரர் விருது. வார்னர் அவர் தலைமுறையின் ஆகச் சிறந்த மிடில் லைன்பேக்கர் என்று எதிரணிக் கோச்சுகளே சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டார். உடனே எல்லோரும் சொல்லும் விளக்கம், ‘ஸ்கவுட்டுகளுக்குக் கண் தெரியவில்லை’ என்பது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 32 அணிகள், ஒவ்வொன்றிலும் வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்க்கிற ஆட்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கண் மங்குமா? என் எண்ணம் வேறு. அந்த ஆறு பேரும் கல்லூரியில் ஆறு வேறு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரே வேலையைச் செய்த ஆறு பேர் மாதிரி அவர்களை ஒரே கட்டத்துக்குள் அடைத்ததில்தான் கோளாறு.

கட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

முதலில் 40 கஜ ஓட்டம். டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்க இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைனில் ஸ்மித் 4.51 விநாடியில் ஓடினார். எட்மண்ட்ஸ் ஆறடி ஐந்து அங்குலம், 253 பவுண்டு, அந்த உடம்போடு 4.54. வாண்டர் எஷ் 4.65, வார்னர் கிட்டத்தட்ட அதே. லெனர்ட் 4.70. எட்மண்ட்ஸைப் பார்த்து அணிகள் மயங்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. டிராஃப்ட் அன்று அவருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை, அப்பா ஃபெரல் எட்மண்ட்ஸ் மயாமி டால்ஃபின்ஸின் பழைய டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்யும் ஆள்), அண்ணன் டெரலையும் அதே இரவு அதே முதல் சுற்றில் பிட்ஸ்பர்க் எடுத்தது. அந்த உயரத்துக்கு அந்த வேகம் அபூர்வம். ஆனால் ஒரு லைன்பேக்கர் ஆட்டத்தில் 40 கஜம் நேர்கோட்டில் ஓடுவது எப்போது? யாரோ ஒருவர் ஏற்கெனவே தப்பு செய்து, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் கைநழுவிப் போய்விட்ட பிறகுதான். அவருடைய வேலை முதல் இரண்டு அடியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு அடி எந்தப் பக்கம் விழுந்தது என்பதற்கு கம்பைனில் கடிகாரம் கிடையாது.

டாக்கிள் கணக்கு இன்னும் மோசம். ஒரு டாக்கிளை யார் போட்டார், யார் துணைக்கு வந்தார் என்பது மைதானத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறவரின் தீர்ப்பு. அது போக, முன்வரிசை டிஃபென்ஸ் நன்றாக இருந்தால் பந்து லைன்பேக்கர் வரை வராது. முன்வரிசை பலவீனமாக இருந்தால் எல்லாமே அவர் தலையில்தான் விழும், எண்ணிக்கை கூடும். கோட்டிலிருந்து ஒரு கஜத்தில் மடக்கினாலும் ஒரு டாக்கிள், எட்டு கஜம் விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாலும் ஒரு டாக்கிள். ஸ்மித் 2017இல் 137 போட்டார், வாண்டர் எஷ் 141. ஸ்மித் விளையாடியது அலபாமா, ஆபர்ன் மாதிரிப் பெரிய அணிகள் இருக்கிற எஸ்இசி கல்லூரி லீகில், வாண்டர் எஷ் விளையாடியது அவ்வளவு பலமில்லாத மவுண்டன் வெஸ்ட்டில். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் என்ன தெரியும்? எனக்கு எதுவும் தெரியவில்லை.

இது 2018இன் கதை மட்டும் இல்லை. 2012இல் லூக் கீக்லி 9வது இடத்தில் போனார், அவர் விஷயத்தில் எல்லோரும் சரியாகக் கணித்தார்கள், அடுத்த வருஷமே லீகின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் ஆனார். அதே டிராஃப்டில் பாபி வாக்னர் நிமோனியாவால் கம்பைனுக்கே போகவில்லை, 47வதாக சியாட்டில் எடுத்தது. லவான்டே டேவிட் எடை குறைவு என்று 58வது வரை காத்திருந்தார், டெமாரியோ டேவிஸ் 77வது. நான்கு பேருமே பின்னால் முதல்தர ஆல் ப்ரோ, அதாவது அந்தந்த வருஷத்தின் சிறந்த லைன்பேக்கர்கள் என்று தேர்வானவர்கள்.

கார்டைப் பாருங்க

இந்த உறுத்தலுக்கு ஒரு வடிவம் கிடைத்தது என் நண்பரின் மகனால். பிளேனோ பக்கத்தில் ஹைஸ்கூல் அணியில் லைன்பேக்கர் விளையாடும் பையன். டெக்சஸில் ஹைஸ்கூல் ஃபுட்பால் என்றால் என்ன என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் அம்மாவுக்கு இந்த ஆட்டமே பிடிக்காது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டுத்தான் ஸ்டேடியத்துக்கே வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பாடு முடிந்து, நானும் அவனும் 2018 ஜனவரி 1 அன்று நடந்த ரோஸ் பௌலின் பழைய பதிவைப் போட்டு உட்கார்ந்தோம். ஜார்ஜியாவுக்கும் ஓக்லஹோமாவுக்கும் நடந்த கல்லூரி சாம்பியன்ஷிப் அரையிறுதி, இரண்டு ஓவர்டைம் போய் 54க்கு 48 என்று ஜார்ஜியா ஜெயித்த ஆட்டம். நான் வழக்கம்போல, பந்தை எறியும் ஓக்லஹோமா குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அங்கிள், பந்தைப் பார்க்காதீங்க. அந்தக் கார்டைப் பாருங்க” என்றான்.

கார்டு என்றால், பந்தைப் பின்னால் கொடுத்து (ஸ்னாப்) பிளேயைத் தொடங்கும் சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் முன்வரிசை ஆள். அந்தக் கனத்த ஆளை அதுவரை நான் ஒரு சுவராகத்தான் நினைத்திருந்தேன். அவன் பிளேயை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். கார்டு நேராக முன்னால் பாய்ந்தால் ஓட்டம். வரிசையை விட்டு விலகி இடப்பக்கம் ஓடினால் பந்தும் இடப்பக்கம்தான் வரும். கையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கி நின்றால் பாஸ். இதெல்லாம் ஸ்னாப் ஆகி அரை விநாடிக்குள் முடிந்துவிடும், லைன்பேக்கர் அதற்குள் படித்து முடித்திருக்க வேண்டும். பிளே ஆக்‌ஷன் என்றால் அதே கார்டு ஓட்டம் மாதிரி நடிப்பார், ரன்னிங் பேக்கும் வெறுங்கையை மடக்கிக்கொண்டு ஓடுவார், லைன்பேக்கர் ஒரு அடி முன்னால் வைத்தால் போதும், அவர் முதுகுக்குப் பின்னால் டைட் எண்ட் தனியாக நிற்பார். “எங்க கோச் எங்களை இதுக்குத்தான் திட்டுவார். டாக்கிள் விட்டா ஒண்ணும் சொல்ல மாட்டார், முதல் அடி தப்பா வெச்சா வெளியில உட்கார வெச்சுடுவார்” என்றான்.

அதற்கப்புறம் ஸ்மித்தின் காலை மட்டும் பார்த்தேன். முதல் ஓவர்டைமில் ஜார்ஜியா மூன்று புள்ளி தரும் ஃபீல்டு கோல் மட்டும் எடுத்துவிட்டது, ஓக்லஹோமா ஆறு புள்ளி தரும் டச்டவுன் ஒன்று போட்டால் சீசனே முடிந்தது. பத்து கஜம் கடக்க நான்கு வாய்ப்பு (டவுன்), இது மூன்றாவது, வேண்டியது கொஞ்ச தூரம்தான். மேஃபீல்ட் பக்கவாட்டில் சட்டென்று ஒரு குட்டி பாஸ் எறிகிறார். பார்க்கிற எவருக்கும் இது ஃபர்ஸ்ட் டவுன் என்றுதான் தோன்றும். ஸ்மித் நடுவில் நின்றவர், பந்து ரிசீவர் கையில் விழுவதற்கு முன்பே பாதி வழி வந்துவிட்டார், கோட்டுக்குச் சற்று முன்னாலேயே அந்த ஆளை மடக்கிவிட்டார். நிறுத்தி, பின்னால் ஓட்டி, அவர் பாதத்தையே பார்த்தால் தெரிகிறது: ஒரு அடிகூட வீணாக உள்ளே போகவில்லை. ஓக்லஹோமாவும் ஃபீல்டு கோலோடு நின்றது, இரண்டாவது ஓவர்டைமில் அவர்கள் உதைத்த பந்தை ஜார்ஜியா தடுத்தது, சோனி மிஷெல் 27 கஜம் ஓடி ஆட்டத்தை முடித்தார். எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது மிஷெலின் ஓட்டம்தான். டிராஃப்டில் 8வது இடத்துக்கு ஸ்மித் தகுதியானவர் என்று எனக்குப் புரிந்தது அந்த மூன்றாவது டவுனில். 4.51 அதில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

வார்னர் நின்ற இடம்

அதே பார்வையோடு வார்னரின் கல்லூரி ஆட்டங்களைப் போட்டோம். ஐந்து நிமிஷத்தில் பையன் கேட்டான், “இவர் லைன்பேக்கரே இல்லையே அங்கிள்?” கேள்வி சரிதான். பிரிகம் யங்கில் அவரை நடுவில் நிறுத்தவே இல்லை. வெளியே, முன்வரிசைக்கும் ஓர ரிசீவருக்கும் இடையில் நிற்கும் ஸ்லாட் ரிசீவருக்கு எதிரில், கடைசிக் காவலான சேஃப்டியைப் பாதி மாதிரி நிற்க வைத்தார்கள். கார்டைப் படிக்கும் வேலையே அவருக்குக் குறைவு. அப்படியிருக்க ஸ்மித்தையும் வார்னரையும் பக்கத்தில் வைத்து யார் நல்ல ‘ஓட்டத் தடுப்பாளர்’ என்று கேட்டால் வார்னர் தோற்கத்தான் செய்வார். அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. ஆனால் அவரிடம் கேட்ட கேள்வி வேறு, அதைவிடக் கடினமானது: உன்னைவிட வேகமான சின்ன ரிசீவர் வெட்ட வெளியில் உன்னைத் தாண்டப் பார்க்கிறான், பின்னால் உதவி கிடையாது, என்ன செய்வாய்?

இதில் கல்லூரி ஆட்டத்தின் விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு பிளேக்கும் பந்தை வைக்கும் இடத்துக்கு எல்லையான ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரி மைதானத்தில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். அதனால் கல்லூரியில் பந்து ஓரமாக வைக்கப்படும்போது மறுபக்கம் ஒரு பெரிய திடலே திறந்து கிடக்கும், அந்தத் திடலில் நிற்கிற லைன்பேக்கரின் வேலைக்கும் குறுகிய பக்கம் நிற்கிறவரின் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் ஓட்டமா பாஸா என்று குவார்ட்டர்பேக் கடைசி நொடியில் முடிவு செய்யும் ஆர்பிஓ. கல்லூரியில் பந்து பறப்பதற்கு முன்பே முன்வரிசை ஆட்கள் மூன்று கஜம் வரை முன்னேறிப் போகலாம், என்எஃப்எல்லில் ஒரு கஜம்தான். நான் மேலே சொன்ன கார்டு பாடம் இங்கே உடைந்துவிடுகிறது: கார்டு மூன்று கஜம் பாய்ந்து வருகிறார், ஓட்டம் என்று லைன்பேக்கர் சரியாகத்தான் படிக்கிறார், பந்து அவர் தலைக்கு மேல் போகிறது. டேப்பில் அது அவருடைய தப்பு மாதிரித் தெரியும். கோச் சொன்னதைத்தான் அவர் செய்தார். இதையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் ‘கவரேஜ் (பாஸ் தடுப்பு) சுமார்’ என்று ஒரு வரியில் எழுதினால் அந்தப் பையனுக்கு அது பெரிய அநியாயம். ஒரு வரியால் ஒருவர் முதல் சுற்றிலிருந்து மூன்றாம் சுற்றுக்குச் சரிகிறார், சம்பளம் கோடிக்கணக்கில் குறைகிறது.

சான் ஃபிரான்சிஸ்கோ செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்லாட்டில் நின்றவரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தி, கோச்சின் குரல் கேட்கும் ரேடியோ ஹெல்மெட்டை முதல் வருஷமே தலையில் மாட்டினார்கள். உள் லைன்பேக்கர்களுக்கு அப்போது கோச், டெமிகோ ரயன்ஸ். அவரே 2006இல் இரண்டாம் சுற்றில், 33வது ஆளாக வந்தவர், அதே வருஷம் 5வது இடத்தில் போன ஏ.ஜே. ஹாக்கைத் தாண்டி சிறந்த புதுமுக விருதை வாங்கியவர். கார்டைப் படிக்க ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். 235 பவுண்டு உடம்போடு ரிசீவரின் இடுப்பைப் பார்த்துத் திரும்பக் கற்றுக்கொடுப்பது மிகவும் கஷ்டம். அது வார்னரிடம் ஏற்கெனவே இருந்தது. 2020 பிப்ரவரி சூப்பர் பௌலில் எதிரணி குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் எறிந்த பந்தை மூன்றாவது குவார்ட்டரில் பிடித்தாரே, அது எனக்கு பிரிகம் யங்கின் ஸ்லாட்டில் கற்ற வேலையாகத்தான் தெரிகிறது.

லெனர்டுக்கும் இதே மாதிரிதான். கோல்ட்ஸில் மாட் எபர்ஃப்ளூஸ் நடத்திய டிஃபென்ஸில் எதிரணிக்கு ஆள் குறைவாக இருக்கும் பக்கத்து லைன்பேக்கரின் வேலை, பார், ஓடு, அடி. லெனர்டின் நீண்ட கைகளுக்கும் பந்தைத் தட்டிப் பறிக்கும் வெறிக்கும் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 4.70 என்ற எண்ணைப் பார்த்து ஒதுக்கியவர்கள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. 2021இல் எட்டு முறை எதிராளி கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழைய லெனர்ட் திரும்பி வரவில்லை, 2023 நவம்பரில் கோல்ட்ஸ் அவரை விட்டுவிட்டது. வாண்டர் எஷ்ஷின் கதை எனக்கு இன்னும் வலிக்கிறது. ஐடஹோவின் ரிக்கின்ஸ் என்ற சின்ன ஊரில், ஆளுக்குப் பஞ்சமாகி எட்டு பேர் அணியாக ஆடும் ஃபுட்பாலில் வளர்ந்து, பாய்சியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து, ஒரே ஒரு முழு சீசனில் முதல் சுற்றுக்கு வந்தவர். முதல் வருஷம் 140 டாக்கிள், லீகின் நட்சத்திர ஆட்டமான ப்ரோ பௌலுக்கும் தேர்வு. கழுத்தைப் பற்றிய கேள்வி டிராஃப்டுக்கு முன்பே இருந்தது. 2024 மார்ச்சில் 28 வயதில் அந்தக் கழுத்தால்தான் ஓய்வு பெற்றார். அட்டவணையில் அதற்கும் கட்டம் இல்லை. அந்தச் செய்தி வந்த அன்று நண்பரின் மனைவி எனக்குப் போன் செய்து, “அண்ணா, நீங்களாவது அவன்கிட்ட சொல்லக் கூடாதா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சிகாகோ சுற்றிய சுற்று

சிகாகோ 2018இல் ஸ்மித்தை எடுத்தது. முதல் வருஷம் விக் ஃபேன்ஜியோவின் டிஃபென்ஸ், முன்னால் அகீம் ஹிக்ஸும் எடி கோல்ட்மனும் தடுப்பாளர்களை விழுங்கிக்கொள்ள, ஸ்மித்துக்கு ஓட வழி கிடைத்தது. 2022 அக்டோபர் கடைசியில் சம்பளப் பேச்சு முறிந்து அவரை பால்டிமோருக்குக் கொடுத்துவிட்டார்கள். பால்டிமோர் சில மாதத்தில் ஐந்து வருஷத்துக்கு 10 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. 2023 மார்ச்சில் அதே சிகாகோ, அதே இடத்துக்கு, நான்கு வருஷம் 7.2 கோடி டாலருக்கு எட்மண்ட்ஸைக் கூட்டி வந்தது! இதில் அப்போது சிகாகோவின் தலைமைக் கோச் யார் தெரியுமா? லெனர்டை வளர்த்த அதே எபர்ஃப்ளூஸ். அவருக்கு நடு மைதானத்தில் ஆழமாகப் பின்வாங்கி நிற்கும் உயரமான ஆள் வேண்டும், ஸ்மித்துக்கோ கோட்டை நோக்கிப் பாய வேண்டும். யார் உயர்ந்தவர் என்று இதை வைத்து ஒரு முடிவும் சொல்ல முடியாது.

எட்மண்ட்ஸ் விஷயத்தில் பையனுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவர் நீண்ட கைகளால் நடுவில் ஒரு பாதையை மூடிவைத்தால் குவார்ட்டர்பேக் அங்கே எறியவே மாட்டார், எறியாத பந்துக்கு எந்தக் கணக்கும் இல்லை, ஆகவே அவரை எல்லோரும் குறைத்து மதிக்கிறார்கள் என்பது என் கட்சி. “20 வயசுல மொத்த டிஃபென்ஸுக்கும் சிக்னல் சொன்னவர், ஒத்துக்கறேன். ஆனா ஓட்டம் வரும்போது ஒரு நொடி யோசிக்கிறார், பாருங்க” என்கிறான் அவன். இப்போது அந்த ஆறு பேரையும் நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியே வரிசைப்படுத்தினால் முதலிடம் வார்னருக்கு, கடைசி இடம் எவன்ஸுக்கு, அதில் தகராறு இல்லை. இரண்டாவது இடத்தில்தான் முட்டிக்கொள்கிறோம். நான் ஸ்மித்தை வைக்கிறேன், வருஷத்துக்கு வருஷம் தவறாமல் அந்த முதல் அடியைச் சரியாக வைக்கிறவர் என்பதால். அவன் லெனர்டை வைக்கிறான். நான்கு சீசன்தான் என்றாலும் அந்த நான்கில் லெனர்ட் மாதிரி ஆட்டத்தைப் புரட்டிப்போட்ட லைன்பேக்கர் யார் என்று சொல்லுங்கள் என்கிறான். கீக்லி என்று சொன்னேன். “அவர் 2012, அங்கிள். இந்த ஆறு பேர்ல சொல்லுங்க.”